இல்லாத பிரேக்கை மிதித்த சனிக்கிழமை

போன வருஷம் ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை மதியம். திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டானில் நான் புதிதாகச் சேர்ந்திருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் அன்றைக்கு நானும் எங்கள் டீம் லீடரும் மட்டும்தான் இருந்தோம். வெளியே பேய்க் காற்று. என் மூன்று மாத சோதனைக் காலம் முடிய ஒரு வாரம் பாக்கி. வேலை நிரந்தரமா, இல்லை வீட்டைப் பார்த்து நடையா என்பது அடுத்த வெள்ளிக்கிழமை அவர் எழுதிக் கொடுக்கப்போகிற அறிக்கையில் இருந்தது.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். சென்னையில் இரண்டு வருஷம் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருந்தேன். அப்போது அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் அவர் நடத்திய டிரைவிங் ஸ்கூலை ஆறு மாதம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தேன். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் வகுப்பு நேரம் பதிவு செய்வதற்கு நானே ஒரு ஆப் எழுத உட்கார்ந்தேன் பாருங்கள், அதோடு பழைய ஆசை கிளம்பிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்து போக மனசில்லை. "ஏட்டி, எந்நேரமும் அந்தப் பொட்டியத்தான் கட்டிக்கிட்டு அழுத. பேசாம அந்த வேலைக்கே திரும்பப் போ, ஸ்கூல ஒன் தம்பி பாத்துக்கிடுவான்" என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

திரும்பிப் போனால் எல்லாம் தலைகீழாக மாறியிருந்தது. எனக்கு லீடர் என்னைவிட நான்கு வயது சின்னவர். முதல் நாள் "சார்" என்று கூப்பிட்டேன். "அக்கா, சார் மோரெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். எனக்கோ எதைப் பார்த்தாலும் கேள்விதான். இது எதுக்கு, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நோட்டுப் போட்டு எழுதிவைத்துக் கேட்பேன். "அக்கா, இன்னைக்குள்ள கேள்வி தீந்துபோச்சு, மிச்சத்த நாளைக்கு வச்சுக்கிடுவோம்" என்று கேலி செய்வார். ஆனால் கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

புது வேலையில் என்னோடு கூடவே வந்த பழைய பழக்கம் ஒன்று உண்டு. டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலுக்குக் கீழேயும் ஒரு கிளச், ஒரு பிரேக் இருக்கும். ஐந்து வருஷம் அங்கேயே உட்கார்ந்த கால் சும்மா இருக்குமா? கம்பெனி பஸ்ஸில் வரும்போதும் டிரைவர் கொஞ்சம் வேகமெடுத்தால் என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். முன் சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்த்து முறைப்பார். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே என் வலது செருப்பு முன்பக்கம் தேய்ந்துபோயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை வேலை இதுதான். ஒரு மருந்து மொத்த வியாபாரியின் கணக்கெல்லாம் பழைய மென்பொருளில் இருந்தது. எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது எப்போது காலாவதியாகும் என்கிற விவரம் முழுவதையும் புதியதற்கு மாற்ற வேண்டும். திங்கள் காலை அவர்கள் கடை திறக்கும்போது தயாராக இருக்க வேண்டும். லீடருக்கு வேறு அவசரம். திசையன்விளையில் அவருடைய அக்கா பிள்ளைக்கு மறுநாள் காதுகுத்து. தாய்மாமா மடியில் உட்காரவைத்துத்தானே குத்துவார்கள். மாலை நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கிற திட்டத்தில் இருந்தார்.

ஒரு மணிக்கு மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டு, "அக்கா, இதப் பாத்துக்கிடுங்க, நான் சாப்பிட்டுட்டு வாரேன். ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று கிளம்பினார்.

திரையில் எண்கள் மளமளவென்று ஓடின. பார்க்கவே ஆனந்தமாக இருந்தது. திடீரென்று ஒரு வரியில் நின்றுவிட்டது. ஒரு நிமிஷம். மூன்று நிமிஷம். ஆறு நிமிஷம். எண் ஏறவில்லை, ஒரு எழுத்துகூட வரவில்லை. கம்ப்யூட்டர் மின்விசிறி மட்டும் உறுமியது. முதல் கியரில் போட்டுக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மட்டும் அமுக்குகிற புது ஆளின் கார் மாதிரியே இருந்தது அந்தச் சத்தம். கால் தரையைத் தேட ஆரம்பித்துவிட்டது.

போனைக் கையில் எடுத்தேன். மூன்று மாதமாக ஆயிரம் கேள்வி கேட்டவளுக்கு அன்றைக்குப் பார்த்து வெட்கம் வந்துவிட்டது. கடைசி வாரம், இதற்குமா கேட்பது, அறிக்கையில் என்ன எழுதுவார்? போனைக் கீழே வைத்துவிட்டேன். பதினோராவது நிமிஷம் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அமுக்கி வேலையை நிறுத்தினேன்.

நிறுத்திய பிறகுதான் எட்டிப் பார்த்தேன். பாதி மருந்து புதியதில் இருந்தது, மீதி இல்லை. காலாவதித் தேதிகள் ஒரு இடத்தில், மருந்துப் பெயர்கள் வேறு இடத்தில். பதற்றத்தில் அந்தத் திரையையே மூடிவிட்டேன்.

லீடர் தலையெல்லாம் புழுதியோடு உள்ளே வந்தார். மூடிக்கிடந்த திரையைப் பார்த்தார். "என்னக்கா, லைன் போச்சா? இந்தக் காத்துக்குப் போகாம இருந்தாத்தான் அதிசயம்" என்றார்.

காலையிலிருந்து இரண்டு முறை இணைய இணைப்பு அறுந்துதான் போயிருந்தது. அது போனால் மாற்றும் வேலையும் பாதியில் நின்றுவிடும். "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அந்த நொடியில் எனக்கு ஞாபகம் வந்தது என்னிடம் கார் ஓட்டக் கற்றவர்கள்தான். எதிலாவது போய் இடித்துவிட்டு "பிரேக் பிடிக்கலை" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என்னால் கடைசிவரை ஒன்றும் சொல்லிக்கொடுக்க முடிந்ததில்லை. பிரேக்கில் என்ன கோளாறு என்று தேடுவதிலேயே வகுப்பு போய்விடும். "பதட்டத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சிட்டேன்" என்று சொன்னவர்கள் பத்தே நாளில் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"லைன் போகலை. நான்தான் நிறுத்தினேன்" என்றேன். திரையை மூடியதையும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மணியைப் பார்த்தார். இனி நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க முடியாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன்.

"ஏன்க்கா நிறுத்துனீங்க?" என்றார்.

அது ஏச்சு இல்லை. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். நிஜமாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் தயங்கித் தயங்கி, எண் நின்றது, மின்விசிறி உறுமியது, பதினோரு நிமிஷம் திரையில் அசைவே இல்லாதது, கேட்க வெட்கப்பட்டது எல்லாவற்றையும் சொன்னேன். இல்லாத பிரேக்கைத் தேடிய கால் கதையையும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கூப்பிடாம நிறுத்துனது உங்க தப்பு. அது அங்கன நிக்கலக்கா, ஏத்துன மருந்தெல்லாம் வரிசப்படுத்திக்கிட்டு இருந்திருக்கு. இருபது நிமிஷம் ஆகும். ஆனா அத வாயத் திறந்து சொல்லாத மாதிரி எழுதுனது யாரு? நான்தான்" என்றார்.

மாற்றத் தொடங்கும் முன் ஒரு நகல் எடுத்து வைப்பது அவர் வழக்கம். அதனால் பிழைத்தோம். புதியதில் பாதி ஏறியிருந்ததைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். அந்த இடம் வரும்போது ஒவ்வொரு நிமிஷமும் திரையில் ஒரு வரி வருகிற மாதிரி என்னையே எழுதவைத்தார். "வரிசைப்படுத்துகிறேன், பொறுங்கள்" என்று தமிழிலேயே எழுதினேன். ஆறரை மணிக்கு வேலை முடிந்தது. ஏழு மணி பஸ்ஸில் அவர் திசையன்விளை போனார். காதுகுத்துக்குக் குறையில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. ஐந்து வருஷத்தில் நானும் ஆயிரம் தடவை "ஏன் பிரேக் அடிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு தடவையாவது பதிலுக்குக் காத்திருந்தேனா?

பேட்டையில் ஒரு அங்கன்வாடி டீச்சர் என்னிடம் கற்றுக்கொண்டிருந்தார். நன்றாக ஓட்டுவார். ஆனால் சேரன்மகாதேவி ரோட்டில் வாய்க்கால் பாலம் தாண்டியதும் ஒரே இடத்தில் தினமும் சடாரென்று பிரேக் போடுவார். ரோடு காலியாகத்தான் கிடக்கும். நான் கத்துவேன். ஒன்பதாவது வகுப்போடு அவர் வரவில்லை. பயந்த சுபாவம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போட்டேன். "அந்தப் பாலத்துகிட்ட ஏன் பிரேக் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

"அங்கன நீலக் கேட்டு வீடு ஒண்ணு இருக்குல்லா மேடம்? அந்த வீட்டுப் பிள்ள எங்க சென்டருக்குத்தான் வருது. ரெண்டு வயசுதான், ஓட்டமா ஓடும். கேட்டு எப்பமும் திறந்தே கிடக்கும். அது எப்ப ரோட்டுக்கு வரும்னு யாரு கண்டா?"

"இத அப்பவே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க கேட்டீங்க, ஏசத்தானே செஞ்சீங்க" என்றார்.

அந்த வழியாக ஆயிரம் முறை போயிருப்பேன், நீலக் கேட்டை நான் பார்த்ததே இல்லை. என் கண் எப்போதும் அவர் காலில்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். தம்பியிடம் சொல்லி மிச்ச வகுப்புகளை நடத்தச் சொன்னேன். இப்போது அவர் லைசென்ஸ் வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது. வேலை நிரந்தரம். லீடர் கடைசி வரியில் "கேள்வி கேட்பார், கேட்டால் உண்மையைச் சொல்வார்" என்று எழுதியிருந்தார். இப்போது எனக்குக் கீழே புதிதாக இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். அவர்கள் எதையாவது பாதியில் நிறுத்திவிட்டு முழிக்கும்போதெல்லாம் என் வலது கால் தரையை அழுத்தத்தான் செய்கிறது. அதை அழுத்தியபடியே "ஏன்" என்று கேட்டுவிட்டு, நான் பார்க்காத ஒரு நீலக் கேட்டு இவர்கள் கண்ணில் பட்டிருக்குமோ என்று பதிலுக்குக் காத்திருக்கிறேன்.