தாளிதமும் துவாயும்

எங்கள் கிரான்பர்ன் வீட்டில் குசினிக்கு வெளியே, முகட்டில் ஒரு ஸ்மோக் அலாரம் இருக்கிறது. அதைப் பொருத்தியவன் தமிழர் சமைப்பதை ஒருநாளும் கண்டிருக்கமாட்டான். கடுகு வெடித்தாலே ஊரைக் கூட்டிவிடும். அதனால் நான் தாளிக்கும்போதெல்லாம் என் கணவர் குளிக்கிற துவாயும் கையுமாக அதற்குக் கீழே நின்று புகை போக வீசுவார். இருபது வருடமாக அவர் செய்த சமையல் அது ஒன்றுதான். "வெங்காயம் உரிக்கத் தெரியாது, விசிற மட்டும் நல்லாத் தெரியும்" என்று நக்கலடிப்பேன்.

போன மாசியில் மாரடைப்பு வந்து அவர் போய்விட்டார். நான் அழவில்லை. அழக்கூடாது என்றில்லை, வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்த சனம் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போனது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் பக்கத்து வீட்டில் கேட்பதுபோலத்தான் இருந்தது. குப்பை லொறி வந்தது, கேத்தில் கொதித்தது, போன் அடித்தது. ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. எங்கள் தமிழ் டொக்டர், "காலமையில குருவிச் சத்தம் கேளுங்கோ அன்ரி, மனசுக்கு நல்லது" என்றார். கேட்டேன். குருவி கத்தியது. அவ்வளவுதான்.

தாளிப்பதையும் விட்டுவிட்டேன். பருப்பை அவித்து உப்புப் போட்டு வைத்துவிடுவேன். யூனியில் படிக்கும் மகள் ஒருநாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, "ஆர் யூ ஈவன் சாட், அம்மா?" என்று கேட்டாள். ஓம், கவலைதான் என்று சொல்ல வாய் வரவில்லை, பொய் சொல்வதுபோல இருந்தது. அவள் நினைப்பது உண்மையாக இருக்குமோ என்று அன்றைக்குப் பயந்துபோனேன்.

அடுத்த ஞாயிறு, அவள் சாப்பிடவேண்டுமே என்று, பருப்புக்குத் தாளித்தேன். எண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை. புகை எழும்பியது, அலாரம் அலறத் தொடங்கியது. மிளகாயைப் பிரட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கத்தினேன்.

"இஞ்சேருங்கோ! துவாயை எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ!"

மிளகாய் கருகியது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை, திரும்பி அலாரத்துக்குக் கீழே பார்த்தேன். மகள் தன் அறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து, கதிரையில் கிடந்த துவாயை எடுத்து, தகப்பன் நிற்கும் இடத்தில் நின்று வீசினாள். அலாரம் ஓய்ந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை.