குழாயடி அக்கா வீட்டுக்காரர்

சனிக்கிழமை காலையில்தான் நான் எழுத உட்காருவேன். துணி துவைக்கும் மெஷினைத் தட்டிவிட்டு, சாப்பாட்டு மேசையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்வேன். மெஷின் நின்றதும் துணியைக் காயப்போட எழுந்தாக வேண்டும். மத்தியானத்துக்குமேல் சிரம்பானில் கொட்டும் மழைக்கு யார் பதில் சொல்வது? உன் கட்டுரையெல்லாம் ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இலக்கியக் கொள்கை எதுவும் கிடையாது.

எழுதுவதெல்லாம் கோலா சாவா பக்கம் நான் வளர்ந்த தோட்டத்தைப் பற்றித்தான். கித்தா என்கிற ரப்பர் மரங்கள் போய் இப்போது அங்கே செம்பனை நிற்கிறது. வேலையாட்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். ஆட்கள் ஆளுக்கொரு தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்காக நான் ஒப்பாரி வைக்கிறவள் இல்லை. லயத்துக் கக்கூசை நினைத்தாலே போதும், ஏக்கமெல்லாம் பறந்துவிடும். ஆனால் அங்கிருந்தவர்களைப் போல வேடிக்கையான மனிதர்களை நான் அப்புறம் சந்திக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதி, பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்புவேன். போடுவார்கள்.

எனக்கென்று ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். யார் பெயரையும் எழுதக்கூடாது. பெயரை எடுத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டதாக ஒரு நினைப்பு. எழுத்துப் பட்டறைகளில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பெரிய புத்திசாலி மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த விதியோடுதான் குழாயடி அக்காவைப் பற்றி எழுதினேன். லயத்தின் கடைசியில் பொதுக்குழாய் இருந்தது. அதற்குப் பக்கத்து வீடு என்பதால் அவர் குழாயடி அக்கா. அவர் வீட்டு அச்சு முறுக்கு தோட்டம் முழுக்கப் பிரசித்தம். தீபாவளிக்கு அவர் வீட்டுத் தட்டு வந்தால் மற்ற தட்டுகள் அப்படியே கிடக்கும். வேலை வாங்குகிற மண்டோர் வீட்டிலிருந்துகூடக் கேட்டு அனுப்புவார்கள். எங்கள் வீடு அடுத்த வீடு. இரண்டுக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர், அதில் என் கண் உயரத்துக்கு ஒரு ஓட்டை. விடியற்காலையில் எண்ணெய் வாசனைக்கு விழித்துக்கொண்டு அதன் வழியாகப் பார்ப்பேன். அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, அச்சை மாவில் முக்கி எண்ணெயில் உதறிக்கொண்டிருப்பது அக்கா இல்லை. அவருடைய வீட்டுக்காரர்! பகலெல்லாம் டிராக்டர் ஓட்டுகிற மனிதர், பூவைத் தொடுகிற மாதிரி முறுக்கைத் தொடுவார்.

ஆம்பளை அடுப்படியில் உட்கார்ந்தான் என்று தெரிந்தால் பிரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும்போது மற்ற ஆண்கள் அவரை ஒரு வழி பண்ணிவிடுவார்கள். அதனால் அது வெளியே தெரியாத சங்கதியாகவே இருந்தது. நான் எழுதினேன். ரசித்து ரசித்து எழுதினேன். சொந்தக் கட்டுரையைப் படித்து நானே சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழு அதிர்ந்தது. "அட, குழாயடி வீட்டு அண்ணனா சுட்டாரு? நம்பவே முடியல லா!" போர்டிக்சனிலிருந்து ஒருவர், கோலா கிளாவாங்கிலிருந்து ஒருவர் என்று வரிசையாகக் குரல் பதிவுகள். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. எங்கள் தோட்டத்தில் யார் யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? குழாயடி அக்கா, ஸ்டோர் வீட்டு மாமா, முருங்கைமரத்து வீட்டுப் பெரியம்மா, இவ்வளவுதான். அடையாள அட்டையான ஐசியில் உள்ள பெயரைப் போட்டிருந்தால் ஒருவருக்கும் ஆள் தெரிந்திருக்காது. யாருக்கும் தெரியாத பெயரைக் கவனமாக மறைத்துவிட்டு, எல்லாருக்கும் தெரிந்த அடையாளத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொடுத்திருக்கிறேன்.

என் ஒவ்வொரு கட்டுரைக்கும் முதல் ஆளாகக் குரல் பதிவு அனுப்புகிறவர் அக்கா. இந்த முறை ஒன்றும் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. அந்த வாரம் பார்த்துத்தான் என் கட்டுரைகள் புத்தகமாக அச்சுக்குப் போகவிருந்தன. பதிப்பாளரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். இருப்பதிலேயே நல்ல கட்டுரை அதுதான், எடுக்க மனசே வரவில்லை. ஆனால் அக்கா உன் சகவாசமே போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அம்மா கித்தா மரத்தில் பால்வெட்டுக்குப் போன நாட்களில் எனக்குத் தலை பின்னிவிட்டவர் அவர். பயந்துகொண்டேதான் காடியை ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா இப்போது ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில் இருக்கிறார். கதவைத் திறந்தார். "வா" என்றார். பசியாறிட்டியா என்று கேட்கவில்லை. கோபம்தான், சந்தேகமே இல்லை. அண்ணன் ஹாலில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, என்னைப் பார்த்து லேசாகக் கண்ணைக் காட்டினார். நீ மாட்டினாய் என்று அதற்கு அர்த்தம்.

"அக்கா, உங்க ரகசியத்த நான்..."

"ரகசியம் கெடக்கு லா! இந்த வயசுல என்னா ரகசியம்?" என்று அக்கா வெடித்தார். "இவருதான் சுட்டாருன்னு எழுதுன. சரி. மாவு யாரு இடிச்சா? தேங்கா யாரு திருவி, பால் யாரு புழிஞ்சா? அச்ச மாவுல முக்குனா ஒட்டணும், எண்ணெயில உதறுனா உடனே விடணும். அந்தப் பக்குவம் யார் கையில இருந்துச்சு? அடுப்புகிட்ட இவரு சொகுசா உக்காந்திருந்தாரு. நான் இடிச்சி முடிச்சிட்டு வாசல்ல காவலு வேற நின்னேன். எல்லாரும் போன் பண்ணி, அண்ணன்கிட்ட குடுங்கன்னு கேக்குறானுங்க!"

"நான் பாத்தப்ப நீங்க அங்க..."

"உன் ஓட்டையிலருந்து அடுப்புதான் தெரியும். ஒரலு இந்தப் பக்கம் இருந்துச்சு."

கண்ணால் பார்த்தேன் என்ற தைரியத்தில் எழுதினேன். பார்த்ததில் பொய்யில்லை, பாதி வீட்டைத்தான் பார்த்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. கட்டுரையை எடுக்கவேண்டியதில்லை, உரலையும் சேர்த்து எழுதினால் போதும். பையிலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். பச்சரிசி எவ்வளவு நேரம் ஊறவேண்டும் என்பதில் தொடங்கி, வாசலில் யாராவது வந்தால் இருமிக் காட்டுவார் என்பதுவரை எல்லாம் வந்தது. நடுவில் எழுந்துபோய் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். நான் பிழைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தார். "புத்தகத்துலயாவது பேரு போடு லா. லயத்துல பாதிப் பேருக்கு நான் டிராக்டரு, மீதிப் பேருக்கு குழாயடி அக்கா வீட்டுக்காரரு. எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

பேனாவைத் திறந்துகொண்டு நிமிர்ந்தேன். அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். அண்ணன் பெயர்? ஒரே பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து வளர்ந்தவள் நான். இந்த மனிதரைப் பற்றி ஊர் சிரிக்க எழுதியவள். பெயர் தெரியவில்லை.

"அண்ணே... உங்க பேரு என்னாண்ணே?"

அவர் கோபப்படவில்லை. சாய்ந்து உட்கார்ந்து, "அவளக் கேளு" என்றார்.

"நல்லா இருக்கே!" என்றார் அக்கா. கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் புருஷன் பெயரைச் சொன்னவர் இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் யாரும் சொல்லமாட்டார்கள். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸி கேட்டால்கூட வாயைத் திறக்காமல் அவருடைய ஐசியை நீட்டிவிடுவார். "நீங்களே சொல்லுங்களேன். என்னா வெளையாட்டு இது, பேரப்புள்ள எடுத்த வயசுல?"

"நீ சொன்னாத்தான் அவ எழுதணும்" என்றார் அண்ணன்.

அக்கா என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பா பெயரோடு சேர்த்து, பிரட்டுக்களத்தில் கூப்பிடுகிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

நான் எழுதிக்கொண்டேன். டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ரிமோட்டை எடுத்து அதை அணைத்தார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.