விமானம் இல்லாத விமானக் கேசட்

பெங்களூரு விமானக் கண்காட்சியில் விமானங்கள் வானத்தில் குட்டிக்கரணம் அடிப்பதை மூன்று நாள் படம் எடுத்தவன் நான். கழுத்துத் தோல் உரிந்ததும் எனக்குத்தான். ஊருக்குத் திரும்பி என் முதலாளி கேசட்டை ஓட விட்டபோது, ‘ஒளிப்பதிவு’ என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. அந்த மூன்று நாளில் அவர் மைதானத்துப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. மச்சினன் வீட்டில் ஃபேனுக்கடியில் படுத்திருந்தார். அந்தக் கேசட்டைத்தான் திருவண்ணாமலையில் ஸ்டூடியோ வாசலில் டிவி வைத்து ஓட்டினார். பூ வாங்க வந்தவர்கள்கூட நின்று பார்த்து அவரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நீள லென்ஸில் விமானத்தைப் பிடிப்பது மாலை மாற்றுவதை எடுப்பது மாதிரி கிடையாது. ஒரு கண் வியூஃபைண்டரில் இருக்கவேண்டும், இன்னொரு கண் வெறும் வானத்தில். இடுப்பிலிருந்து திரும்பவேண்டும், கையால் இழுத்தால் விமானம் ஓடிவிடும், நீலம் மட்டும் மிஞ்சும். முதல் நாள் முழுக்க நான் நீலத்தைத்தான் எடுத்தேன். மூன்றாம் நாள் தலைகீழாகப் பறந்த விமானி கையசைத்ததுகூட என் படத்தில் விழுந்தது.

அந்தக் கேசட்டைப் பார்த்துத்தான் செங்கம் ரோட்டுக் கல்லூரி ஒன்றின் தாளாளர் முதலாளியை அழைத்தார். கல்லூரி விழாவுக்கு ஒரு ஃப்ளையிங் கிளப் விமானம் வந்து வித்தை காட்டப்போகிறது, அதை எடுத்துக் கொடுக்கவேண்டும். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“அண்ணா, இத மட்டும் நான் எடுக்கறங்கண்ணா. எம்பேரு போட வேணாம்.”

“நீ ஸ்டாண்ட புடி, போதும்.”

எங்கள் ஊர் வீடியோக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ, கேசட்டில் முதலில் மலையை எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். அன்றைக்கும் முதலாளி மலையைப் பார்த்து கேமராவைத் திருப்பிப் பொத்தானை அமுக்கினார். பிறகு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்தியில், மறுபடி அமுக்கி நிறுத்த மறந்துபோனார்.

ஒரே பொத்தான்தான். ஒரு தரம் அமுக்கினால் பதியும், மறுதரம் அமுக்கினால் நிற்கும். பதியும்போது கேமராவின் முன்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு எரியும். விமானம் வந்ததும் முதலாளி அமுக்கினார். கேமரா ஸ்டாண்டின் காலைப் பிடித்தபடி எதிரே நின்ற என் கண்ணெதிரில் விளக்கு அணைந்தது. விமானம் தலைக்குமேல் வட்டமடித்துத் தூரம் போனதும் கேசட்டை மிச்சம் பிடிக்க மறுபடி அமுக்கினார், கேமராவை ஸ்டாண்டிலேயே தரையைப் பார்த்துச் சாய்த்துவிட்டார். விளக்கு எரிந்தது. பதிகிறதா என்று வியூஃபைண்டரிலும் எழுத்து வரும்தான். உச்சி வெயிலில், வியர்வை இறங்கிய கண்ணில், அது அவருக்கு எங்கே தெரியப்போகிறது?

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற கல்லூரி மேனேஜர், “பெங்களூர்ல நீங்களேதான் எடுத்தீங்களா?” என்று கேட்டார்.

“பின்ன? இதோ நிக்கிறானே, இவன் ஸ்டாண்டு தூக்கினு வந்தான். மூணு நாளும் நெழல்ல படுத்துத் தூங்கனான். பிளேன புடிக்கிறதுக்கு ஒரு கை வேணும் சார். அது எல்லாருக்கும் வராது.”

நான் வாயை மூடிக்கொண்டேன். விமானம் எட்டுத் தரம் வந்தது. செங்குத்தாக ஏறி, நின்று, சுழன்று விழுந்தது, பையன்கள் விசிலடித்தார்கள். எட்டுத் தரமும் விளக்கு அணைந்ததைப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் என் நெஞ்சு குளிர்ந்தது.

அங்கேயே, தாளாளர் அறையில், டிவியில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். முதலில் மலை வந்தது. தாளாளர் கும்பிட்டார். அப்புறம் மண், முதலாளியின் செருப்பு, மேனேஜரின் ஷூ. அந்தச் செருப்புக்கு மேலே முதலாளியின் குரல், “அது எல்லாருக்கும் வராது” என்றது.  தாளாளர் கடைசிவரை பார்த்தார், எழுந்து வெளியே போய்விட்டார். மேனேஜர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும்போது வண்டியில் முதலாளியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.  வழியிலிருந்த ஆசிரமத்தைத் தாண்டியதும் தலையைத் திருப்பாமல் கேட்டார்.

“நீ எதுருலதான நின்னுனு இருந்த. லைட்டு எரியலன்னு ஒனக்குத் தெரியுமாடா?”

தெரியாது என்று சொல்லியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். கல்யாண சீசன் வேறு. ஆனால் தெரிந்தே சொல்லாமல் விட்டது நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் போனால், எனக்கென்ன திருப்தி?

“மொதல் ரவுண்டுலயே தெரியுங்கண்ணா.”

வண்டியை ஓரங்கட்டினார். நான் இறங்கி, ஸ்டாண்டை அவர் மடியில் வைத்துவிட்டு நடந்தேன்.