சிறுநீரகம் கொடுக்க வந்தவளுக்கு விருந்து

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். என்னுடையது அவனுக்குப் பொருந்தும் என்று தெரிந்ததும் டாக்டர் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "உங்க எடையும் சர்க்கரையும் எல்லைக்கோட்டுல நிக்குது. இன்னும் மூணு கிலோ குறைங்க. மூணு வாரத்துல கடைசி டெஸ்ட். அதுல தேறினாதான் ஆபரேஷன்."

அதற்காகத்தான் திருநெல்வேலியிலிருந்து அடையாற்றில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்தேன். பெட்டியில் சேலையைவிடக் கொள்ளுப் பயறும் கம்பு மாவும்தான் அதிகம். ஊரில் இரண்டு மாதம் சீனி தொடாமல் நான்கு கிலோ குறைத்திருந்தேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

முதல் வாரம் ஒழுங்காகப் போனது. விடிந்ததும் பெசன்ட் நகர் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடப்பேன். குப்பத்துப் பக்கம் மீன் விற்கிறவள், "இன்னாக்கா, யாரைப் புடிக்க இவ்ளோ வேகமாப் போய்க்கினு கீற?" என்று சிரிப்பாள்.

அப்புறம் சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்துப் பிழைக்கும் கூட்டம் எங்களுடையது. புதிதாகக் கல்யாணமானவர்களை வீட்டுக்கு வீடு கூப்பிட்டு விருந்து வைப்பது எங்கள் வழக்கம். அதை அப்படியே எனக்குச் செய்தார்கள்! தம்பி மாமியார் வீட்டில் சொதிச் சாப்பாடு, பால் பாயசம். நான் கஞ்சி போதும் என்றேன். "நல்லாருக்கே! எம் மருமவனுக்கு உசிரு குடுக்க வந்த பிள்ள, கஞ்சியக் குடிச்சிட்டுக் கெடக்கணுமாக்கும்?" என்று நெய்யைக் கவிழ்த்தார்.

வேளச்சேரியில் சித்தப்பா வீட்டுப் பிரியாணி. மந்தைவெளியில் பெரியம்மா மகள் வீட்டில் அதிரசம். தம்பி மனைவியோ வீட்டிலேயே தினம் ஒரு இனிப்பு. "ஒரு வாய் சாப்பிடலேன்னா எனக்கு மனசு ஆறாது மதினி" என்று கண் கலங்குவாள். டெஸ்ட், டாக்டர் என்று நான் எடுத்துச் சொன்னால், "ஒரு நாள்ல என்ன ஆயிரப்போவுது?" என்பார்கள் எல்லோரும். ஒவ்வொரு வீட்டுக்கும் அது ஒரு நாள்தான். எனக்கு அது பன்னிரண்டு நாள். வயிறு நிறைந்த அலுப்பில் காலை நடையும் நின்றுபோனது.

தம்பி எதிரில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு உப்பில்லாத சோறு, அளந்து ஒரு தம்ளர் தண்ணீர். என் இலையைப் பார்த்து ஒருநாள் கேட்டான்: "அக்கா, டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" அவன் கேட்டது அந்த ஒரு முறைதான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லு" என்று கத்திவிட்டு, இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

இவர்களை எல்லாம் இன்றைக்கும் வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். அன்பாம், மண்ணாங்கட்டியாம். ஆனால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவளா நான்? மாமனார் முகத்துக்கு நேரே அவர் பேச்சை மறுத்தவள். வரதட்சணை கேட்டார்கள் என்று மகளுக்கு வந்த சம்பந்தத்தை வாசலோடு திருப்பி அனுப்பியவள். ஒரு கிண்ணம் பாயசத்தைத் தள்ளி வைக்க முடியாதா? தினமும் குளிக்கும்போது விலாவுக்குக் கீழே கத்தி படப்போகும் இடத்தைத் தடவிப் பார்ப்பேன். உடம்பு உதறும். உதறின உடம்போடு வந்து உட்கார்ந்து இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொள்வேன்.

கடைசி டெஸ்ட் முடிந்து, எங்கள் மூன்று பேரையும் எதிரில் உட்காரவைத்து டாக்டர் காகிதத்தைப் புரட்டினார். "எடை ரெண்டு கிலோ ஏறியிருக்கு. சர்க்கரையும் தாண்டிடுச்சு. உங்ககிட்டேருந்து எடுக்க முடியாதும்மா."

தம்பி மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நாங்கதான் மதினி கெடுத்துட்டோம்." நான் இல்லையென்று சொல்லவில்லை. நல்லதாகப் போயிற்று என்று அந்தப் பழியை அவள் தலையிலேயே விட்டுவிட்டேன். டாக்டர் முடியாது என்றபோது எனக்கு முதலில் அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. முகத்தை மாற்றிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

தம்பி டாக்டரைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.