இல்லாத ஊருக்கு மூன்று நடை

பேருந்துப் பணிமனையில் அவரை மேயர் என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் வண்டியை எடுக்கும்போதே யாராவது ஆரம்பித்துவிடுவார்கள்.

"என்ன மேயர், ஜனங்க சௌக்கியமா?"

"ஒருத்தனும் வரி கட்ட மாட்டேங்கறான்ப்பா."

சிரிப்பார்கள். அன்றைக்கு அவர் பேசுவது அநேகமாக அவ்வளவுதான். மகளின் பிரசவத்துக்கென்று போன மனைவி, பேத்தி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் திரும்பவில்லை. சண்டை ஒன்றுமில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய பாடகர் ஒருவர் ஊருக்கு வெளியே பொட்டலில் புது நகரம் கட்டப்போவதாகச் சொல்லி வெள்ளை உடையில் வந்து, வெள்ளி மண்வெட்டியால் ஒரு பிடி மண்ணைக் கிளறிவிட்டுப் போனார். புகையில்லாத நகரம், பறக்கும் கார், வானத்தில் தோட்டம் என்றெல்லாம் அறிவிப்பு. மறுநாளே அங்கே பேருந்து விட்டார்கள். நான்கு வருடமாகிறது. பாடகரும் வரவில்லை, நகரமும் வரவில்லை. மேயர் ஓட்டிய பேருந்து மட்டும் நாளொன்றுக்கு மூன்று நடை போய் வந்தது; அந்தப் பட்டப்பெயர் அதனால்தான். நடத்துநர் கிடையாது, டிக்கெட்டும் அவரே கிழிக்க வேண்டும். அருங்காட்சியகம், வான்தோட்டம், ஏரிக்கரை என்று பெயர் எழுதிய கம்பங்கள் பொட்டலில் நின்றன. ஒவ்வொன்றிலும் நிறுத்திக் கதவைத் திறந்து மூட வேண்டும் என்பது உத்தரவு. திறந்தால் புழுதி ஏறும்.

புதன்கிழமை மட்டும் ஓர் அம்மாள் ஏறுவார். ஓய்வுபெற்ற நர்ஸ். வான்தோட்டத்தின் பதினோராம் மாடியில் ஒரு வீட்டுக்காகச் சேமிப்பையெல்லாம் கொட்டியவர். அந்தக் கம்பத்தடியில் இறங்கி, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த நடையில் திரும்புவார்.

"லிஃப்ட் வேலை செய்யுதாம்மா?"

"எங்க செய்யுது? படியேறித்தான் போனேன். மூட்டு வலி உயிர் போகுது."

ஒரு நாள் அம்மாள் சில்லறையை நீட்டியபோது மேயர் வாங்கவில்லை.

"சொந்த வீட்டுக்குப் போக யாராவது டிக்கெட் எடுப்பாங்களா? உட்காருங்கம்மா."

"செக்கர் வந்தா?"

"செக்கருக்கு வழி தெரியாது."

அதன்பின் டிக்கெட் பேச்சே எழவில்லை. அம்மாள் பின்னிருக்கையிலிருந்து பேசிக்கொண்டே வருவார். முகம் பார்க்காத பேச்சு என்பதால் இருவரும் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டார்கள், பெயர்களைத் தவிர.

ஒரு செவ்வாய்க்கிழமை மேலாளர் கூப்பிட்டார்.

"உங்களுக்கு விடுதலை. அந்த வண்டியை நிறுத்தியாச்சு. இனிமே டவுன் வண்டி."

"ஏன் சார்?"

"ஆறு மாசமா ஒரு டிக்கெட்கூட விழலையே. வாரத்துக்கு ஒண்ணு விழுந்திருந்தாக்கூட பாடகர் பேரைச் சொல்லி ஓட்டியிருப்பாங்க."

டிக்கெட் இல்லாமல் ஆள் ஏற்றினேன் என்றால் வேலை போகும். ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம். ஆனாலும் மேயர் சொன்னார்.

"புதன்கிழமை ஒரு அம்மா வருவாங்க சார். நான்தான் டிக்கெட் போடல."

மேலாளர் கோபப்படவில்லை. எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"தனியா ஓட்டி ஓட்டி உங்களுக்கு யாரோ வர்ற மாதிரி தோணுது, மேயர். ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வாங்க."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேயர், சீருடை இல்லாமல், அம்மாள் வழக்கமாக ஏறும் முதல் நிறுத்தத்தில் போய் நின்றார். அம்மாள் வந்தார். பக்கத்தில் நின்று சாலையைப் பார்த்தார். பிறகு, "பஸ் போயிடுச்சாங்க?" என்று அவரிடமே கேட்டார். சீருடையும் முதுகும்தான் அம்மாளுக்குப் பழக்கம். மேயர் பேசிய பிறகே அடையாளம் தெரிந்தது.

எல்லாவற்றையும் சொன்னார். டிக்கெட் விஷயத்தையும் மறைக்கவில்லை.

"நான் காசு நீட்டினேனே" என்றார் அம்மாள்.

"ஆமாம்மா."

"நடந்தா எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு மணி நேரம் ஆகும்மா."

அம்மாள் தலையசைத்தார். டவுனுக்குப் போகும் வண்டி வந்தது. ஏறிக்கொண்டு, "நீங்க வரலையா?" என்று கேட்டார்.

மேயர் தங்கியிருந்த அறைக்கும் அதே வண்டிதான்; ஏறினால் இந்த முறை முகம் பார்த்துப் பேச வேண்டியிருக்கும். "நீங்க போங்கம்மா, நான் அடுத்ததுல வர்றேன்" என்றார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது.