ஒரே பூ, இரண்டு கேள்வி

ஓய்வூதியம் எப்படி நின்றுபோகும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பணிக்காலம் முழுவதும் கருவூலத்தில் உட்கார்ந்து பிறருடைய ஓய்வூதியத்தை நான் நிறுத்தியிருக்கிறேன். எல்லாம் விதிப்படிதான். அதனால் என்னுடையது நின்றபோது எனக்கு அதிர்ச்சி இல்லை. தொழில்முறை ஆர்வம்தான் இருந்தது. வங்கி மாறியதில் கணக்கு எண் மாறிவிட்டது. அந்த அலுவலகம் எழுதினால்தான் இந்த அலுவலகம் எழுதும் என்றார்கள். இந்த அலுவலகம் எழுதாமல் அந்த அலுவலகம் எழுதாது என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்து என்ன பயன்?

அது எங்கள் மலையூரான நாகலூரில் காபிப் பூ பூக்கும் காலமல்ல, மழை ஓயும் காலம். கீழே சேலத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் முதல் பிரசவத்துக்கு வர வேண்டியிருந்தது. முதல் பிரசவம் தாய் வீட்டுச் செலவு. தனியார் ஆஸ்பத்திரியில் பார்க்கலாம் என்று சம்பந்தி வீட்டில் நானே வாய் விட்டிருந்தேன். அறுவை செய்யும்படி ஆனாலும் ஆகலாம், பணத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு இருந்தது கொஞ்சம் காபித் தோட்டமும், அதில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடியும். மிளகுச் சரம் பச்சையாக இருக்கும்போதே வியாபாரி ஒருவர் வந்து, கொடியோடு விலை பேசி முன்பணம் தருகிறேன் என்றார். அவர் சொன்ன விலைக்குப் பெயர் கொள்ளை. ஆனால் அவசரத்தில் இருப்பவனுக்கு அதற்கு மேல் யாரும் கொடுப்பதில்லை.

"அம்மன்கிட்ட பூக் கேட்டுட்டு முடிவு பண்ணலாமுங்க" என்றாள் மனைவி.

மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். நடைமுறை எளியது. பூசாரி அம்மன் சிலையின் வலத்தோளில் ஒரு பூவும் இடத்தோளில் ஒரு பூவும் ஈரத்தோடு ஒட்டவைப்பார். நாம் கேள்வியை மனதுக்குள் கேட்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. மனுவுக்கு எண் கிடையாது, ஒப்புகைச் சீட்டு கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. நான் பார்த்த அலுவலகங்களோடு ஒப்பிட்டால் மோசமில்லை.

"ரெண்டு பேரும் நல்லா நெனச்சுக்கங்க" என்றார் பூசாரி.

நெடுநேரம் எதுவும் அசையவில்லை. பிறகு வலப்பூ நழுவி விழுந்தது. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் பாரம் இறங்கியது போலிருந்தது.

திரும்பி நடக்கும்போது சொன்னாள்: "வியாபாரிகிட்ட வேண்டாம்னு சொல்லிப்புடுங்க."

"என்ன வேண்டாம்? வாங்கிக்கத்தானே உத்தரவு வந்திருக்கு?"

அவள் நின்றுவிட்டாள். "ஏனுங்க, நீங்க என்ன கேட்டீங்க?"

"முன்பணம் வாங்கலாமான்னு கேட்டேன்."

"போச்சு. நான் 'ஆத்தா, வாங்காம உன்னை நம்பி இருக்கட்டுமா'ன்னு கேட்டேனுங்க."

சாலையோரக் கல்லில் உட்கார்ந்து சிரித்தாள். "உங்கள யாருங்க கேக்கச் சொன்னா? கோயிலுக்கு வந்தா உண்டியப் பூட்டப் பாத்துக்கிட்டு நிக்கிற ஆளு!"

"பூசாரி ரெண்டு பேரையும்தானே நினைக்கச் சொன்னார்? வா, மறுபடியும் கேப்போம்."

"ஒரே நாள்ல ரெண்டு தரம் கேக்கக் கூடாதுங்க. அவ என்ன உங்க ஆபீஸா, ரிமைண்டர் போடறதுக்கு?"

எதிரெதிரான இரண்டு மனுக்களுக்கு ஒரே உத்தரவு. எந்தக் கோப்பில் வைப்பது? வழி முழுக்க யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் மகளுக்குப் போன் போட்டாள். "ஒண்ணும் ரோசிக்காத கண்ணு. எல்லாம் ஆத்தா பாத்துக்குவா. நீ துணிமணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பி வா சாமி." அந்தக் குரலில் கவலை இல்லை, கவலையை மறைக்கும் முயற்சியும் இல்லை. என் மனு ஏற்கப்பட்டிருந்தால் எனக்கு அப்படியொரு குரல் வந்திருக்குமா என்று பார்த்தேன். வந்திருக்காது. உத்தரவு அவள் கோப்புக்கு உரியது என்று முடிவு செய்தேன்.

வியாபாரி மறுநாள் வந்தார். "ஆஸ்பத்திரி செலவு இருக்குன்னீங்களே சார்?"

"உத்தரவு கிடைக்கல."

"யாரோட உத்தரவுங்க?"

"மேலிடம்" என்றேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

மகள் வந்தாள். ஓய்வூதியம் வரவில்லை. மனைவி காலையில் விளக்கேற்றி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல அம்மனிடம் பேசுவாள். பிள்ளைக்குக் கால் வீங்கியிருக்கு, இவருக்குத் தூக்கம் வரலை, கையில காசு நொம்ப இல்லை, நீ பாத்துக்க. நானும் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். தனியாகக் கேட்க எனக்குத் தைரியமில்லை. ஏற்கனவே ஒருமுறை குழப்பியவன். அதனால் மேலதிகாரிக்குக் கோப்பு அனுப்பும்போது எழுதுவதைத்தான் மனதுக்குள் சொன்னேன்: இவள் கேட்பது பரிந்துரைக்கப்படுகிறது. கேலியாகத்தான் தொடங்கினேன். சில நாளில் கேலி கழன்றுவிட்டது, வாசகம் மட்டும் நின்றது.

வலி கண்ட காலையில் ஜீப் பிடித்து மலை இறங்கினோம். கையில் இருந்தது தனியார் ஆஸ்பத்திரியின் வாசலைத் தாண்டக்கூடப் பற்றாது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதையேதான் நினைத்தேன். அடிவாரத்தில் டிரைவர் எங்கே என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மனைவி, "பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டுங்க தம்பி" என்றாள். அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்கள் என்று அவளைப் பார்த்தேன். அவள் மகளின் கையைப் பிடித்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நானும் என் பரிந்துரையைச் சொன்னேன்.

மதியத்துக்குள் நர்ஸ் வெளியே வந்தார். "பொம்பளப் புள்ளைங்க. கத்தி வைக்கல. தாயும் புள்ளையும் சவுகரியமா இருக்காங்க."

மனைவி வராந்தாத் தரையிலேயே விழுந்து கும்பிட்டாள். எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க நிக்கறீங்க? போயி பிளாஸ்க்ல வெந்நியும், மகளுக்கு ரொட்டியும் வாங்கிட்டு வாங்க. சம்பந்தி ஊட்டுக்கும் போனப் போடுங்க."

எதிர்ச்சாரிக் கடைக்குப் போனேன். வெந்நீர், ரொட்டி, அப்படியே எங்கள் இருவருக்கும் டீ. சட்டைப் பையில் இருந்தது அதற்குப் போதுமானதாக இருந்தது.