மேனேஜருக்குப் பசி

மௌனிகா என்று பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஆஸ்பத்திரி. நாய், பூனை பார்ப்பதில்லை என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருக்கிறாள். வருவதெல்லாம் லவ் பேர்ட்ஸ், முயல், வெள்ளெலி, எப்போதாவது ஒரு ஆமை. ஒருமுறை பெரிய ஓணான் மாதிரி இகுவானா ஒன்று வந்தது. கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் படிக்கட்டில் அதைப் பார்த்துவிட்டு, எடுத்த புடவையைப் போட்டது போட்டபடி ஓடினார்கள். கடைக்காரர் இன்னும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அவளுடைய அப்பா அழகிரிசாமிக்குப் பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை. மகள் கால்நடை மருத்துவம் படித்ததே பண்ணைக்காகத்தான் என்று மனிதர் நம்பியிருந்தார். அங்கே ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டால் கொட்டகை முழுவதற்கும் தண்ணீரில் மருந்தைக் கலந்துவிடுவார்கள். ஒற்றைக் கோழிக்கு வைத்தியம் என்பது அந்தக் குடும்பம் கேள்விப்படாத சங்கதி. மகளோ கைக்குள் அடங்குகிற குருவிக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை வந்து பார்த்தவர், "ஏம்மா, நீ மருந்து குடுக்கறதுக்குள்ள அது பயத்துலயே போய்ச் சேந்துராதா?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்விதான். அவள் தொழிலில் பாதி, பறவையைப் பயமுறுத்தாமல் பிடிப்பது. மீதிப் பாதி, அது மறைப்பதைக் கண்டுபிடிப்பது. பறவை தனக்கு உடம்பு முடியவில்லை என்று வெளியே காட்டாது. காட்டினால் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. நிற்க முடிகிற வரைக்கும் நிமிர்ந்து நிற்கும். "நம்மூர்க்காரங்க மாதிரிதானுங்க. எத்தனை முடியலைன்னாலும் நல்லாருக்கேன்னுதான் சொல்லும்" என்பாள் மௌனிகா.

போன மார்கழியில் ஒரு காலை அவளுக்கு போன் வந்தது.

"ஏனுங்க, மேனேஜருக்கு உடம்பு சரியில்லீங்க. ஒரே வாந்திங்க."

"இங்க பறவைகளுக்குத்தான் பாக்கறமுங்க."

"மேனேஜர் பறவைதானுங்க அம்மணி."

பேசியவர் அக்பர் அலி. உக்கடம் பக்கம் வாளி, ஆணி, கம்பிவலை விற்கிற இரும்புக்கடை வைத்திருப்பவர். அரைமணி நேரத்தில் மனைவி ஆமினா பீவியோடு கூண்டைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில், சிவப்பு வாலோடு ஓர் ஆப்பிரிக்கக் கிளி. கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை எல்லாம் விசாரிப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயராகிவிட்டது.

மேஜைமேல் வைத்ததும் மேனேஜர் நிமிர்ந்து நின்று, "வாங்க, வாங்க" என்றது. குரலில் குறையே இல்லை. மௌனிகா துண்டால் மெல்லப் பிடித்து நெஞ்சைத் தடவினாள். சதையே இல்லை. எலும்பு கத்தி போல விரலில் இடித்தது.

"எத்தனை நாளா சாப்பிடறதில்லைங்க?"

"நல்லா சாப்பிடுதுங்களே" என்றார் அக்பர் அலி. "ஊட்டுல இவ குடுப்பா. கடையில பசங்க குடுப்பாங்க."

"எங்கிட்ட எங்கீங்க சாப்பிடுது?" என்றார் ஆமினா பீவி. "கடையில ஆச்சுன்னுதானே சொல்லுது."

"யாருங்க சொல்றது?" என்றாள் மௌனிகா.

"மேனேஜருதானுங்க."

மௌனிகா கிளியைப் பார்த்தாள். "சாப்டியா?" என்று கேட்டாள்.

"ஆச்சுங்க. இப்பத்தானுங்க" என்றது மேனேஜர், வெகு மரியாதையாக.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நிமிடமே விஷயம் விளங்கிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்பதும், அக்பர் அலி கொலைப்பட்டினியாகக் கிடந்தாலும் ஆச்சுங்க என்று சொல்வதும் இந்த ஊர் வழக்கம். கிளி அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது. கடையில் கேட்டால் வீட்டில் தின்றிருக்கும் என்று நினைத்தார்கள். வீட்டில் கேட்டால் கடையில் தின்றிருக்கும் என்று நினைத்தார்கள். ஒரு கிளியின் உபசார வார்த்தையை நம்பி இரண்டு இடத்திலும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

எக்ஸ்ரேயில் கிளியின் இரைப்பைக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் மின்னின. கடையில் இருந்த கம்பிவலையைக் கொறித்திருக்கிறது. அதன் துத்தநாகப் பூச்சு விஷமாகி, பசியைக் கொன்று, வாந்தியில் கொண்டுவந்து விட்டிருந்தது.

"விஷத்தை எறக்க ஊசி போடறேனுங்க. குழாய் வெச்சு ஆகாரம் குடுக்கறேன். ஆனா ஒடம்புல தெம்பே இல்லைங்க. தானா எப்போ கொத்தித் திங்குதோ அப்பத்தான் பொழைச்சுதுன்னு சொல்ல முடியும்" என்றாள் மௌனிகா. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "பாய், ஆச்சுன்னு சொல்லிக் குடுத்தீங்க, சரி. பசிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதுங்களா?"

அக்பர் அலி திகைத்துப்போனார். "எங்க ஊட்டுல அதை யாரும் சொன்னதே இல்லீங்களே அம்மணி. சொல்றதுக்குள்ள தட்டு வெச்சுருவாளே இவ."

மறுநாளிலிருந்து அவர் கடைக்குப் போகவில்லை. வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் மேனேஜர் சிறகை உப்பிக்கொண்டு கிடந்தது. அதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "பசிக்குதுங்க... சொல்லு கண்ணு, பசிக்குதுங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பாடம் நடத்தினார். முயலைக் கொண்டுவந்திருந்த அம்மா ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, "அடப் பாவமே" என்று தன் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை நீட்டிவிட்டார். "ஐயோ, எனக்கு ஆச்சுங்க!" என்று அக்பர் அலி பதறியதில் ஆஸ்பத்திரியே சிரித்தது.

நோயில் கிடக்கிற கிளி புதுவார்த்தை கற்காது என்று மௌனிகாவுக்குத் தெரியும். ஆனால் அவர் குரல் கேட்டால் அது கண்ணைத் திறக்கிறது. அதனால் விட்டுவிட்டாள். உள்ளுக்குள் அவளுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டுதான் வந்தது. குழாயில் கொடுப்பது உள்ளே போயிற்றே தவிர, கிண்ணத்து விதைகளை மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் பொட்டுகள் குறைந்தும் பசி திரும்பவில்லை. ஆமினா பீவி கொண்டுவந்த சாப்பாட்டைக் கணவரும் தொடாமல் திருப்பி அனுப்பினார்.

ஒரு மத்தியானம் மௌனிகா அடுத்த அறையில் ஒரு ஆமைக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தாள். அக்பர் அலியின் அலறல் கேட்டது.

"டாக்டரம்மா! மறுபடியும் வாந்தி எடுக்குதுங்க!"

ஆமையை அப்படியே விட்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் ஓடினாள். பெட்டிக் கதவு திறந்திருந்தது. கிண்ணத்தைச் சுற்றிலும் சூரியகாந்தித் தோல் சிதறிக் கிடந்தது. மேனேஜர் அக்பர் அலியின் மணிக்கட்டில் நின்று கழுத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. அவருடைய உள்ளங்கையில் ஈரமான பருப்புகள் கொஞ்சம்.

மௌனிகா தோல்களைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"வாந்தி இல்லீங்க பாய். வாந்தின்னா தலையை ஒதறி நாலா பக்கமும் எறைக்கும். இது ஒண்ணும் சிந்தாம உங்க கையில கொண்டாந்து வெச்சிருக்கு. தன்னோட ஜோடிக்கு இப்படித்தான் ஊட்டுமுங்க." அவள் தோல்களைக் காட்டினாள். "வந்ததுலருந்து அது முன்னாடி ஒக்காந்துட்டுப் பசிக்குது பசிக்குதுன்னு சொல்லிட்டிருந்தது நீங்கதானுங்களே. அதான், தின்ன ஆரம்பிச்ச ஒடனே உங்களுக்குச் சோறு போடுது."

அக்பர் அலி கையை நீட்டியபடியே நின்றார். சாப்பாடு கொண்டுவந்திருந்த ஆமினா பீவி முந்தானையால் அதைத் துடைக்க வந்தார்.

"இரு ஆமினா" என்று கையை இழுத்துக்கொண்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது. மேனேஜர் அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடியும் கழுத்தை ஆட்டி அடுத்த வாயைக் கொண்டுவந்து வைத்தது.